விமான நிலைய வரிசையைத் தாண்டக் காசு கொடுக்கலாமா? தர்மபுரியிலிருந்து டல்லாஸ் போகிற பெற்றோருக்கு ஒரு பதில்

ஐயா, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அம்மாவும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தர்மபுரியில் இருக்கிறீர்கள். மகள் டல்லாஸில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போய் வருகிறீர்கள். மருமகன் 'குளோபல் என்ட்ரி எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார், அதாவது அமெரிக்காவில் இறங்கும்போது நீண்ட வரிசையைத் தவிர்க்க அந்த நாட்டு அரசு நடத்துகிற திட்டம். ஓசூரில் ஒரு ஏஜென்ட், இந்தியா அமெரிக்கா இரண்டுக்கும் சேர்த்து ஃபாஸ்ட் டிராக் போட்டுத் தருவதாகச் சொல்லி இருவருக்கும் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரியும் எழுதியிருந்தீர்கள்: போன தடவை அமெரிக்காவில் இறங்கி வரிசையில் நின்றதில் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது, அடுத்த விமானத்தையும் விட்டுவிட்டீர்கள். என் கண்ணுக்கு உங்கள் கேள்வி முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. அம்மா அவ்வளவு நேரம் நிற்காமல், விமானத்தையும் விடாமல் போய்ச் சேர என்ன வழி என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சில வருடம் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் வேலை பார்த்தவன். இப்போது கிருஷ்ணகிரியில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்வது: ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்தியாவில் இருக்கிற ஃபாஸ்ட் டிராக்கை நீங்களே இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். குளோபல் என்ட்ரி உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் நல்லது, உங்கள் இருவருக்கும் இப்போதைக்குத் தேவையில்லை. அம்மாவின் காலுக்கான தீர்வு டிக்கெட் எடுக்கிற நாளிலேயே கிடைத்துவிடும்.

காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். ஏஜென்ட் சொல்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வரிசைகள் கலந்துகிடக்கின்றன. உடம்பையும் கைப்பையையும் சோதிக்கிற செக்யூரிட்டி ஒன்று. நம் ஊரில் பெரிய விமான நிலையங்களில் அதைப் பார்ப்பது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை. 1999இல் காந்தகாருக்கு விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு நிலையமாக அவர்கள் கைக்கு வந்தது. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்கிற இமிக்ரேஷன் இரண்டாவது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கொண்டுவருகிற பொருளைப் பார்க்கிற கஸ்டம்ஸ் மூன்றாவது, அது நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஆள் வேறு, சட்டம் வேறு. ஒன்றில் கிடைக்கிற சலுகை இன்னொன்றில் செல்லாது. ஆகவே யாராவது 'எல்லாவற்றையும் சேர்த்து முடித்துத் தருகிறேன்' என்றால், மூன்றில் எது என்று கேளுங்கள். பல ஏஜென்ட்டுகளிடம் அதற்குப் பதில் இருக்காது.

இந்திய இமிக்ரேஷனுக்கு இருக்கிற திட்டத்தின் பெயர் ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன், நம்பகப் பயணிகள் திட்டம். 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கினார்கள். 2025 ஜனவரி 16 முதல் பெங்களூரு, சென்னை, மும்பை, ஐதராபாத், கொச்சி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய இடங்களுக்கும் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் சேர்ந்தன. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும், ஓசிஐ அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர்) சேரலாம். கட்டணம் கிடையாது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரத்தையும் புகைப்படத்தையும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் சரிபார்த்துச் செய்தி அனுப்பிய பிறகு விரல் ரேகையும் முகப்பதிவும் கொடுக்க வேண்டும். அதற்காகத் தனியாகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம், புறப்படுகிற அன்று விமான நிலையத்திலேயே கொடுக்கலாம். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதோடு முடியும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஏஜென்ட் கேட்கிற காசில் பாதி இந்த இலவச வேலைக்குத்தான். உங்களுக்குக் கணினி பழக்கம் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளை யாராவது அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

இதனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை மட்டும் அளவோடு எதிர்பாருங்கள். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் வைத்தால் கதவு திறக்கும், முகத்தையும் விரலையும் பார்த்ததும் அடுத்த கதவு திறக்கும். இயந்திரம் வேகமானதுதான். ஆனால் தர்மபுரிக்காரருக்கு நேரம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 170 கிலோமீட்டரை ஒட்டி வரும். கிருஷ்ணகிரி வழியாக வந்தாலும், பாலக்கோடு ராயக்கோட்டை வழியாக வந்தாலும் ஓசூரில் ஒரு நெரிசல். அப்புறம் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால். விமானமோ பின்னிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இருக்கும். சாலையை நம்ப முடியாது என்று நம்மவர்கள் சாயங்காலமே காரை எடுத்துவிடுவார்கள். அதில் தப்பேதுமில்லை, நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அப்படி வந்து சேர்ந்தவர் இமிக்ரேஷனில் இருபது நிமிடம் மிச்சம் பிடித்தால், அந்த இருபது நிமிடத்தையும் கேட் பக்கத்து நாற்காலியில்தான் கழிப்பார். அதற்குக் காசு கொடுப்பது வெட்டிச் செலவு. போகிற வழியில் நேரம் மிச்சம் பிடிக்க விரும்பினால், அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபுரம், ஹொசகோட்டை, தேவனஹள்ளி என்று ஊருக்கு வெளியாக வரலாமா என்று டிரைவரிடம் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். வாரநாள் மாலையில் அது உதவுவது உண்டு.

திரும்பி வரும்போது கதை கொஞ்சம் மாறும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பெரிய விமானங்கள் இறங்கினால் இமிக்ரேஷன் கூடம் நிரம்பிவிடும். அப்போது இந்த இலவசப் பதிவு நிஜமாகவே கை கொடுக்கும். கையில் ஒரு பை மட்டும் வைத்திருப்பவர் நேரே வெளியே வந்துவிடலாம். நம் பெற்றோர் அப்படி வருவதில்லை, ஆளுக்கு இரண்டு பெட்டி இருக்கும். பெட்டி பெல்ட்டில் வருகிறபோதுதான் வரும். முந்திக்கொண்டு வந்தவர் பெல்ட் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். இருந்தாலும் அங்கே உட்கார இடம் இருக்கிறது, வரிசையில் இல்லை. அம்மாவின் காலுக்கு அதுவே ஆறுதல், அதனால்தான் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

விரல் ரேகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் நிறையப் பேருக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும். வயல் வேலை, மாங்கூழ் ஆலை வேலை, வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்தது, சர்க்கரை வியாதியில் காய்ந்துபோன தோல் என்று காரணம் பல. ரேஷன் கடையில் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் மிஷின் எடுக்காமல் திரும்புகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியைப் பதிவு இயந்திரத்தின் முன் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் விரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அந்த அம்மாவுக்குப் பத்து விரலில் இரண்டுதான் பதிந்தது. இது அவர் குற்றம் இல்லை, இதனால் பயணமும் நிற்காது, வழக்கமான கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ரேஷன் கடை மிஷினே உங்கள் விரலை மறுக்கிறது என்றால், இயந்திரக் கதவை நம்பி நேரக் கணக்குப் போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பதிவு ஓரளவு தேறும் என்பது நான் கண்ணால் கண்டது. டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிஜி யாத்ரா என்ற பெயரையும் மருமகன் சொல்லியிருப்பார். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. அதுவும் இலவசம், ஆனால் உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். முகத்தைக் காட்டி வாசலையும் செக்யூரிட்டி நுழைவையும் கடக்கலாம். உடல் சோதனை எல்லோருக்கும் போலத்தான் நடக்கும். இந்திய விமான நிலையத்தில் அந்தச் சோதனையைக் காசு கொடுத்துத் தவிர்க்க வழியே இல்லை. விமான நிறுவனங்களும் நிலையமும் விற்கிற 'முன்னுரிமை' வசதிகள் செக்-இன் வரிசை, போர்டிங் வரிசை, கூட ஒரு ஆள் போன்றவற்றுக்கானவை. செக்யூரிட்டியில் நம்மவர்கள் தாமதமாவது வேறு காரணத்தால். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுவார்கள், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஸ்கேனரில் தெரிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கைப்பையில் ஊறுகாய் பாட்டில், நெய், மிளகாய்ப் பொடி இருந்தால் அங்கேயும் நிறுத்துவார்கள். இவையெல்லாம் பெரிய பெட்டிக்குப் போகட்டும். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதைத் தடுத்திருக்கிறார்கள்.

இனி அமெரிக்கப் பக்கம். குளோபல் என்ட்ரி என்பது அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை நடத்துகிற திட்டம். அங்கே இறங்கும்போது நீண்ட வரிசைக்குப் பதில் தனி இயந்திரம், தனி வழி. இந்தியக் குடிமக்கள் 2017 ஜூலையிலிருந்து சேரலாம். ஒருவருக்கு 100 டாலராக இருந்த கட்டணம் 2024 அக்டோபர் 1 முதல் 120 டாலர் ஆகிவிட்டது. நம் காசில் பத்தாயிரத்துக்கு மேல். ஐந்து வருடம் செல்லும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. இந்தியர்களுக்குக் கூடுதலாக ஒரு கட்டம் உண்டு: பாஸ்போர்ட் சேவா வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பு, அதற்கு உள்ளூர் போலீஸ் விசாரணை. அதெல்லாம் முடிந்து நிபந்தனையோடு அனுமதி வந்த பிறகு நேரில் ஒரு நேர்காணல். அதை அமெரிக்காவில் அவர்கள் மையத்தில் கொடுக்கலாம், அல்லது அங்கே பெரிய விமான நிலையம் ஒன்றில் இறங்குகிற அன்றே கொடுக்கலாம்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பம் முடியவே மாதக் கணக்கில் ஆகும். நேர்காணல் முடியும்வரை வழக்கமான வரிசைதான், அதாவது முதல் பயணத்தில் இறங்கும்போது பயன் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு ஐந்து வருடத்தில் மிஞ்சுவது இரண்டு தடவைதான். அதற்கு இருபதாயிரத்துக்கு மேல், போலீஸ் விசாரணை, நேர்காணல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இதையே ஓசூரில் தொழிற்சாலை வேலையாக வருடத்துக்கு மூன்று நான்கு தடவை டெட்ராய்ட் போய் வருகிற இன்ஜினியர் கேட்டால், கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் அனுப்புகிற ஏற்றுமதிக்காரர் கேட்டால், யோசிக்காமல் எடுங்கள் என்பேன். திட்டம் நல்ல திட்டம். போய் வருகிற எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது போகாதவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இந்த எல்லைக்கோடு என் சொந்தக் கணிப்பு, விதி எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

போலீஸ் விசாரணையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். நிலுவையில் கிரிமினல் வழக்கு இருப்பவரையும் தண்டனை பெற்றவரையும் தகுதியற்றவர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் வரப்புத் தகராறிலும் பொதுவழிப் பிரச்சினையிலும் குடும்பமே எஃப்ஐஆரில் ஏறியிருக்கும். சாலை மறியலில் உட்கார்ந்ததற்கு வழக்கு இருக்கும். ஆசிரியர் சங்கப் போராட்டத்தில் கைதாகி மாலையில் விடப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அது முடிந்துவிட்டதா, கோப்பில் தூங்குகிறதா என்பது பலருக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கவே மறைக்காதீர்கள். பழைய வழக்கைவிடப் பொய்த் தகவல்தான் பெரிய வினை. இந்த விஷயத்தில் வழக்கறிஞரின் சொல்லைக் கேளுங்கள், டிக்கெட் போடுகிறவன் சொல் போதாது.

மகளும் மருமகனும் எடுப்பதில் இன்னொரு பயன் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் விமானம் ஏறும்போது செக்யூரிட்டியை எளிதாக்குகிற பிரீசெக், குளோபல் என்ட்ரியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக பிரீசெக் மட்டும் வாங்க அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரரும்தான் விண்ணப்பிக்க முடியும். எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிற இந்தியருக்குக் குளோபல் என்ட்ரி வழியாக வருவதுதான் பாதை. அமெரிக்க வங்கிகளின் உயர்ரக கிரெடிட் கார்டுகள் பலவும் இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, அவர்கள் கைக்காசு போடாமலேயே வாங்கிவிடலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பெற்றோர் உறுப்பினராக இருந்தாலோ கூடவே விண்ணப்பித்தாலோ கட்டணம் இல்லை. ஆனால் குழந்தைக்கும் தனி உறுப்பினர் பதிவு வேண்டும், கைக்குழந்தை ஆனாலும். அதேபோல மகள் உறுப்பினராக இருப்பதால் அப்பா அம்மாவும் கூடவே அந்த வழியில் போய்விட முடியாது. இதைத் தெரியாமல் குடும்பத்தோடு அந்த வரிசைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

பிரீசெக்கின் மதிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செருப்பு, ஷூ கழற்ற வேண்டாம் என்பது அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது. 2025 ஜூலையில் எல்லாப் பயணிகளுக்குமே அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், வரிசை குட்டையாக இருக்கும் என்பது மீதமிருக்கிறது. வாரா வாரம் பறக்கிறவருக்கு அது போதும். கிளியர் என்று இன்னொன்றை மருமகன் சொல்லக்கூடும். அது தனியார் நிறுவனம், வருடத்துக்கு 200 டாலரை ஒட்டி வாங்குகிறார்கள். அடையாளம் பார்க்கிற இடத்தில் மட்டும் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள், சோதனை இயந்திரம் எல்லோருக்கும் உள்ளதுதான். உங்களுக்கு அது தேவையே இல்லை. கைப்பேசியிலேயே பாஸ்போர்ட் விவரம் போட்டு முந்திச் செல்கிற இலவசச் செயலி ஒன்றையும் அமெரிக்கச் சுங்கத் துறை வைத்திருக்கிறது. அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர் போன்ற சிலருக்குத்தான் அது. பார்வையாளர் விசாவில் போகிற இந்தியர் அந்தப் பட்டியலில் இல்லை. 'அதையும் போட்டுத் தருகிறேன்' என்று காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

இப்போது, காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நம் ஊர்க்காரரை உண்மையிலேயே மாட்டவைக்கிற இடத்துக்கு வருகிறேன். அது பெட்டிக்குள் இருக்கிறது. மே, ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரிக்காரர் மாம்பழம் இல்லாமல் பிள்ளையைப் பார்க்கப் போக மாட்டார். பழுக்கும் பதத்தில் பறித்து, ஒவ்வொன்றையும் தினத்தாளில் சுற்றி, வேட்டி சேலைக்கு நடுவில் அடுக்குவார்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு மாம்பழம் போகிறது, உண்மைதான். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்த, ஆய்வு முடிந்த வணிகச் சரக்காகத்தான் போகும். பயணியின் பெட்டியில் வருகிற பழத்துக்கு அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களைத் தாக்குகிற நோய்ப் பூச்சி அதில் ஒட்டிவரும் என்பது காரணம். அரிசி கொண்டுபோகக் கூடாது, தானியத்தைத் துளைக்கிற கப்ரா வண்டுக்குப் பயந்து தடுத்திருக்கிறார்கள். விதை, செடி, இறைச்சி சேர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். மாங்காய் ஊறுகாய், தொக்கு, பருப்புப் பொடி, ராகி மாவு, முறுக்கு இவற்றில் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனாலும் 'சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டால், கூடாத பொருள் இருந்தாலும் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அதோடு சரி. இல்லை என்று சொல்லி, மோப்ப நாய் உங்கள் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டால் அபராதம். குளோபல் என்ட்ரிக்காரர் இதில் மாட்டினால் உறுப்பினர் பதிவே போய்விடக்கூடும். இத்தனை காசு, விசாரணை, நேர்காணல் எல்லாம் ஒரு மல்கோவாவுக்காகப் போவதை நினைத்துப் பாருங்கள். பொய் சொன்ன பதிவு அவர்கள் கணினியில் நிற்கும், அடுத்த தடவை போகும்போதும் எதிரே வரும்.

அம்மாவின் காலுக்கு வருகிறேன். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி, டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கானது அது, அம்மா அதற்கு முழுத் தகுதி உள்ளவர். பெங்களூருவில் செக்-இன்னில் தொடங்கி, நடுவில் மாறுகிற ஊர், இறங்குகிற அமெரிக்க நிலையம் வரை ஒவ்வொரு இடத்திலும் ஆள் வந்து அழைத்துப்போவார். பெரும்பாலும் இமிக்ரேஷனில் தனி வழியாகவே கொண்டுபோவார்கள், நீங்கள் கூடவே போகலாம். இதில் நான் உறுதி சொல்ல முடியாதது காத்திருப்பு. நாற்காலி தள்ளுகிறவர் வர அரை மணி நேரம் ஆகிற நாளும் உண்டு. ஆனால் அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்தபடிதான். சிலர் கௌரவம் பார்த்து வேண்டாம் என்பார்கள், அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது எந்த வழியாகப் போகிறீர்கள் என்பது. அமெரிக்காவில் முதலில் இறங்குகிற ஊரில்தான் இமிக்ரேஷன் முடிக்க வேண்டும், பெட்டிகளை எடுக்க வேண்டும், கஸ்டம்ஸ் கடக்க வேண்டும், உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டிகளைத் திரும்பப் போட வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் இதைச் செய்யச் சொல்லி டிக்கெட் கொடுத்தால் விமானம் தவறத்தான் செய்யும். போன தடவை உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். டல்லாஸுக்கு துபாயிலிருந்து எமிரேட்ஸும் தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸும் நேரே போகின்றன. பெங்களூருவிலிருந்து அந்த இரண்டு ஊருக்கும் விமானம் இருக்கிறது. அப்படிப் போனால் டல்லாஸில் இறங்கி வரிசையில் நின்றாலும் பிடிக்க வேண்டிய அடுத்த விமானம் இல்லை, வெளியே மகள் நிற்பாள். அபுதாபி வழி இன்னொன்று. அமெரிக்க அதிகாரிகள் அபுதாபியிலேயே உட்கார்ந்து இமிக்ரேஷனையும் கஸ்டம்ஸையும் முடித்துவிடுவார்கள், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம். நியூயார்க், சிகாகோ பக்கம் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு துபாய் அல்லது தோஹாதான் சரி. டிக்கெட்டில் ஏழெட்டாயிரம் கூடினாலும் இதற்குக் கொடுங்கள். அமெரிக்காவுக்குள் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். எல்லாப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பாகும்.

திரும்பி வரும்போது இந்தியக் கஸ்டம்ஸ் பற்றி ஏஜென்ட் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு இருக்கிறது, இரண்டும் இலவசம். வரி கட்ட வேண்டியது ஏதுமில்லை என்றால் பச்சையில் நடந்து வெளியே வரலாம். மகள் கொடுத்தனுப்புகிற நகையில் மட்டும் கவனம் வேண்டும். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று எல்லோரும் சொல்கிற சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவருக்கானது. ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெற்றோருக்குப் பொருந்தாது. இங்கிருந்து நீங்கள் போட்டுக்கொண்டு போகிற பழைய நகை வேறு விஷயம். அதிகமாக இருந்தால் புறப்படும்போது கஸ்டம்ஸ் கவுண்டரில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டு லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவதுதான் நிம்மதி.

நான் சொன்னவற்றில் கட்டணங்களும் எந்த நிலையத்தில் எந்தத் திட்டம் என்பதும் அரசு அறிவிப்பில் இருப்பவை, மாறக்கூடியவை, விண்ணப்பிக்கிற அன்று அரசு இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் எவ்வளவு நேரம் மிச்சம் என்பது அந்த நாள், அந்த மணி நேரத்தைப் பொறுத்தது. அதற்கு உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். எந்தப் பதிவு வைத்திருந்தாலும், அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் தனியாக அழைத்து விசாரிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. குளோபல் என்ட்ரி அதைத் தடுக்காது.

எதற்கும் முன்னால் இன்றைக்கே இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்தியப் பதிவுக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்குள் முடிகிறது என்றால் முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டோடு பதிவும் போய் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் கவலை வேண்டாம், இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விசா ஒட்டியிருக்கிற பக்கத்தில் கிழிசலோ ஈரமோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.